ஆனிக்கு ஏன் 32 நாள்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணக்கு வரும், பயந்து ஓடிவிடாதீர்கள். ஒரு ஏணி, கொஞ்சம் நூல், இரண்டு குண்டூசி, வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர், இவ்வளவு இருந்தால் போதும். நான் ஒரு பையனுக்குச் செய்த தப்பும் இதில் வரும். உண்மையில் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஆச்சி, மையத்தொலைத் தகவுன்னா என்ன?"

"புத்தகத்துல போட்டிருக்குமேட்டி."

"சூத்திரம் போட்டிருக்கு. மையத்துல இருந்து குவியம் வரைக்கும் உள்ள தூரத்தை அரை நெட்டச்சால வகுக்கணும். அது எனக்குத் தெரியும். அது என்னத்தைச் சொல்லுதுன்னு கேக்கேன்."

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1983-இல் வேலைக்குச் சேர்ந்து, 2017-இல் ஓய்வு பெற்றவள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தேன். நீள்வட்டத்தை நான் மாணவியாகப் பாடத்தில் படித்ததில்லை. ஆனால் டீச்சராக, வருடா வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில், "நீள்வட்டம் எவ்வளவு சப்பையா இருக்குன்னு சொல்ற அளவு" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்போ பூமியோட பாதைக்கு 0.0167-ன்னு போட்டிருக்கே. அது எவ்வளவு சப்பை?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நாலு வருடம் அந்தப் பாதையைப் பலகையில் வரைந்தவளுக்கு, அது எவ்வளவு சப்பை என்று தெரியவில்லை. சரி, வரைந்து பார்த்துவிடுவோம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

நீள்வட்டம் வரைய எளிய வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அட்டையில் இரண்டு குண்டூசி குத்தி, ஒரு நூல் வளையத்தை இரண்டுக்கும் சேர்த்து மாட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வர வேண்டும். குண்டூசிகள் நிற்கிற இடம்தான் இரண்டு குவியங்கள். பூமியின் பாதையில் சூரியன் இருப்பது நடு மையத்தில் இல்லை, அந்த இரண்டில் ஒரு குவியத்தில். இன்னொரு குவியத்தில் ஒன்றும் கிடையாது, காலி இடம்.

மையத்திலிருந்து நீளவாக்கில் 10 செ.மீ. வரும்படி படம் வரைவது என்று முடிவு செய்தோம். அப்படியானால் பூமிக்கு, மையத்திலிருந்து குவியம் 10 செ.மீ.யில் 0.0167 பங்கு, அதாவது 1.67 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இரண்டு குண்டூசிக்கும் நடுவே மூன்றே கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. அட்டை கிழிந்து போயிற்று. மூன்றாவது அட்டையில்தான் ஊசி நின்றது. நூலை மாட்டி வரைந்தோம்.

வட்டம் வந்தது.

காம்பஸ் வைத்து வரைந்தது போல வட்டம். பேத்தி அளவுகோலை வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தாள், வித்தியாசம் தெரியவில்லை. பிறகு சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் 10 செ.மீ. என்றால் மறுபக்கம் 9.9986 செ.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. எங்கள் பென்சில் கோடே அதைப் போல முப்பது மடங்கு தடிமன்.

ஆனால் குண்டூசி மட்டும் மையத்தை விட்டுத் தள்ளி நின்றது. கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. ஊசியிலிருந்து வட்டத்தின் ஒரு பக்கத்துக்கு 98.3 மி.மீ., மறு பக்கத்துக்கு 101.7 மி.மீ.

"ஆச்சி, இது சப்பையைச் சொல்ற அளவே இல்லையே. தள்ளி இருக்கதைச் சொல்ற அளவுல்லா?"

பேரிலேயே அதுதான் இருக்கிறது. மையத்தொலை. மையத்தை விட்டு எவ்வளவு தொலைவு. ஆங்கிலத்தில் எக்சென்ட்ரிசிட்டி என்கிறார்கள். மையத்துக்கு வெளியே என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பேத்தி அகராதியைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, கிறுக்குத்தனம்னும் ஒரு அர்த்தம் போட்டிருக்கு" என்று சிரித்தாள். ஊரோடு ஒத்துப் போகாமல் விலகி நிற்பவனுக்கு அங்கேயும் அதே பெயர்தான் போல.

சரி, தள்ளி இருப்பது நன்றாகத் தெரியும்போது சப்பை ஏன் தெரிவதில்லை? இதற்குத்தான் ஏணி. பத்தடி ஏணி ஒன்றைச் சுவரோடு ஒட்டி நேராக நிறுத்துங்கள். அதன் அடியை மட்டும் இரண்டு அங்குலம் முன்னால் இழுங்கள். மேல் நுனி எவ்வளவு இறங்கும்? இரண்டு அங்குலம் இறங்கும் என்று தோன்றும். இறங்காது. பிதாகரஸ் தேற்றப்படி 120-இன் வர்க்கத்திலிருந்து 2-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். 119.983 அங்குலம். அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை.

நூலில் நடப்பதும் இதுதான். பென்சில் மேலே நடுவில் நிற்கும்போது, நூலின் ஒவ்வொரு சாய்வும் ஒரு ஏணி. ஏணியின் நீளம் அரை நெட்டச்சு. அடி தள்ளியிருக்கும் தூரம் மையத்திலிருந்து குவியம் வரை. உயரம் அரைக் குற்றச்சு. 120-இல் 2 என்பது 0.0167. ஆக, அடியை இரண்டு அங்குலம் இழுத்த அந்தப் பத்தடி ஏணியில் பூமியின் கணக்கு முழுவதும் இருக்கிறது. தள்ளுவது இரண்டு அங்குலம், சப்பையாவது அரை மில்லிக்கும் குறைவு.

அடியை ஆறு அடி இழுத்தால்தான் மேல் நுனி எட்டடிக்கு இறங்கும். அப்போது தகவு 0.6. அந்த அளவு வந்தால்தான் கண்ணுக்கு நீள்வட்டம் என்று பளிச்சென்று தெரியும்.

இப்போது நான் பலகையில் வரைந்த படத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் இரண்டு முழம், மறு பக்கம் ஒரு முழம் என்று முட்டை மாதிரி இழுப்பேன். பேத்தி அதற்கும் கணக்குப் போட்டாள். தகவு 0.87 வந்தது. பூமி அப்படி ஒரு பாதையில் போனால், ஒரு சமயம் சூரியனுக்கு இரண்டு கோடி கி.மீ. கிட்டே, புதன் கோளின் பாதைக்கும் உள்ளே போய்விடும். இன்னொரு சமயம் 28 கோடி கி.மீ. தள்ளி, செவ்வாயின் பாதையைத் தாண்டிப் போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை வெந்து, ஒரு தடவை உறைந்து போவோம். இது போதாதென்று நான் சூரியனை முட்டையின் நட்டநடுவில் வேறு வரைந்து வைப்பேன்.

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. புத்தகத்தில் பருவகாலப் படத்தைச் சாய்வாகப் பார்ப்பது போலப் போட்டிருப்பார்கள். தாம்பாளத்தைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டமாகத்தானே தெரியும்? அதைத் தாம்பாளம் என்று நினைக்காமல், பாதையே அந்த வடிவம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு நில்லாமல், "கிட்டே வரும்போது வெயில், தள்ளிப் போகும்போது குளிர்" என்று சில வருடங்கள் சொல்லியும் கொடுத்தேன்.

உண்மை தலைகீழ். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில். அப்போது தூரம் 14.71 கோடி கி.மீ. மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அப்போது 15.21 கோடி கி.மீ. நடுவில் 50 லட்சம் கி.மீ. வித்தியாசம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதனால் வரும் வெயில் வித்தியாசம் சுமார் 7 சதவீதம்தான். பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது.

இதை அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுத் திருத்திக்கொண்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் நடந்ததைத் திருத்த முடியவில்லை.

தொண்ணூறுகளில், எட்டாம் வகுப்பு. பூமி சூரியனைச் சுற்றுவதை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாத பையன்.

"டீச்சர், சுத்துறது ஒரே மாதிரின்னா ஆனி மாசத்துக்கு ஏன் 32 நாளு, மார்கழிக்கு ஏன் 29 நாளு? ஆனியில சூரியன் மெதுவாப் போகும்னு எங்க தாத்தா சொல்றாரு."

அவன் தாத்தா பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சூரியன் எங்கேயும் போகலை, பூமிதான் சுத்துதுன்னு இவ்வளவு நேரம் கத்திக்கிட்டு இருக்கேன். பஞ்சாங்கத்தை எல்லாம் அறிவியல் வகுப்புல கொண்டுவராதே. பெரிய ஜோசியரு! உட்காருலே" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவனுக்கு ஜோசியர் என்றே பெயர். அந்த வருடம் முடியும் வரை அவன் இன்னொரு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியில், அதாவது வான வட்டத்தில் 30 பாகையில், இருக்கும் காலம். சூரியன் நகர்வது போல நமக்குத் தெரிவது பூமி நகர்வதால். பூமி ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் சுற்றினால் பன்னிரண்டு மாதமும் சமமாக இருக்க வேண்டும். 365.25-ஐ 12-ஆல் வகுத்தால் 30.44 நாள்.

ஆனால் பூமி ஒரே வேகத்தில் போவதில்லை. மேலே எறிந்த கல், ஏற ஏற வேகம் குறைந்து, இறங்க இறங்க வேகம் கூடுகிறதே, அது போலத்தான். சூரியனை விட்டு விலகிப் போகும்போது வேகம் குறையும், நெருங்கி வரும்போது கூடும். ஜனவரியில் நொடிக்கு 30.3 கி.மீ., ஜூலையில் 29.3 கி.மீ. சராசரியோடு பார்த்தால் இங்கே ஒன்றே முக்கால் சதவீதம் குறைவு. அது மட்டும் இல்லை. தூரத்தில் போகும் பஸ் மெதுவாகப் போவது போலத் தெரியுமே, அது போல ஜூலையில் தூரம் அதிகமாக இருப்பதாலும் இன்னொரு ஒன்றே முக்கால் சதவீதம் மெதுவாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து சுமார் மூன்றரை சதவீதம். 30.44 நாளில் அது ஏறக்குறைய ஒரு நாள்.

ஆக, ஜூலை முதல் வாரத்தை உள்ளடக்கிய ஆனி ஏறக்குறைய முப்பத்தொன்றரை நாள். ஜனவரி முதல் வாரத்தை உள்ளடக்கிய மார்கழி ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். காலண்டரில் அரை நாள் போட முடியாதே. அதனால் ஆனிக்கு ஒரு வருடம் 31, ஒரு வருடம் 32 என்று வரும். மார்கழிக்கு 29 அல்லது 30.

பூமியின் மையத்தொலைத் தகவு நம் வீட்டுச் சுவரில், தினம் ஒரு தாளாகக் கிழிந்துகொண்டு இருந்திருக்கிறது. அந்தத் தாத்தா சொன்னதும் சரி. பழைய சித்தாந்த நூல்களில் சூரியன் மெதுவாகச் செல்லும் இடத்துக்கு மந்தோச்சம் என்றே பெயர். சூரிய சித்தாந்தம் அதை மிதுன ராசியில் வைக்கிறது. மிதுனம் என்றால் ஆனி.

பஞ்சாங்கம் வேண்டாம் என்பவர்கள் ஆங்கிலக் காலண்டரிலேயே எண்ணிப் பார்க்கலாம். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21-இலிருந்து செப்டம்பர் 23 வரை 186 நாள். மீதிப் பாதிக்கு 179 நாள்தான். ஒரே வட்டத்தில் இரண்டு பாதி, ஆனால் ஒரு பாதிக்கு ஒரு வாரம் கூடுதல். கிரேக்கத்தில் ஹிப்பார்க்கஸ், இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால், பருவங்களின் நாள் கணக்கு இப்படி ஏறுமாறாக இருப்பதைப் பார்த்துத்தான் சூரியனின் வட்டத்துக்கு மையம் பூமியில் இல்லை, தள்ளி இருக்கிறது என்றார்.

அதாவது, தள்ளி இருப்பதை மனிதர்கள் ரொம்ப காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். சப்பையைக் கண்டுபிடிக்கத்தான் கெப்ளர் வர வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது செவ்வாய். அதன் தகவு 0.093. எங்கள் 10 செ.மீ. படத்தில் வரைந்தால் சூரியன் 9 மி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும். ஆனால் சப்பை அரை மி.மீ.கூட வராது. டைகோ பிராஹே தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் எடுத்து வைத்த அளவுகளோடு, கெப்ளர் போட்ட வட்டக் கணக்கு 8 கலை பிசகியது. ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. எட்டுக் கலை என்றால் முழு நிலாவின் அகலத்தில் கால் பங்கு அளவுதான். போகட்டும் என்று விட்டிருக்கலாம். டைகோவின் அளவு அவ்வளவு தப்பாக இருக்காது என்று நம்பி, தன் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். 1609-இல் வெளிவந்த புத்தகத்தில் நீள்வட்டம் வந்தது. கெப்ளரும் கிராஸ் நகரத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். எட்டுக் கலை பிசகியதற்கு அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். என் வகுப்பில் ஒரு பையன் மூன்று நாள் வித்தியாசத்தைக் கொண்டுவந்து காட்டினான். நான் அவனைச் சந்தேகப்பட்டேன்.

பேத்திக்காக மற்ற தகவுகளையும் பார்த்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார்களுக்கு உதவும். வெள்ளி 0.007, கோள்களிலேயே வட்டத்துக்கு மிக நெருக்கம். நிலா 0.055, அதனால்தான் நிலா ஒரு சமயம் பெரிதாகவும் ஒரு சமயம் சிறிதாகவும் தெரிகிறது. புதன் 0.206. ஹாலி வால்மீன் 0.967. அது 1986-இல் வந்தபோது விடியற்காலையில் எழுந்து மொட்டைமாடியில் நின்று பார்த்தேன், மங்கலான பஞ்சுத் துணுக்கு மாதிரி. மறுபடி வருவது 2061-இல். அதைப் பேத்தி பார்ப்பாள்.

மங்கள்யானுக்கு நாங்களே கணக்குப் போட்டோம். 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, தரையிலிருந்து கிட்டே 422 கி.மீ., தள்ளி சுமார் 77,000 கி.மீ. செவ்வாயின் ஆரம் 3,390 கி.மீ.யை இரண்டோடும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் குவியம் இருப்பது செவ்வாயின் தரையில் இல்லை, அதன் மையத்தில். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.91. இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தும். கிட்டத்துத் தூரமும் எட்டத்துத் தூரமும் தெரிந்தால் போதும்.

தகவு பூஜ்யமானால் வட்டம். ஒன்றுக்குக் கீழே இருக்கும் வரை நீள்வட்டம், போனது திரும்பி வரும். சரியாக ஒன்று என்றால் பரவளையம். ஒன்றைத் தாண்டினால் அதிபரவளையம், போனால் போனதுதான். 2017-இல் வந்த ஓமுவாமுவாவுக்கு 1.2. 2019-இல் வந்த போரிசோவ் வால்மீனுக்கு 3.36. வேறு எங்கிருந்தோ வந்து, ஒரு தடவை சூரியனை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய மாணவி ஒருத்தியிடம் விசாரித்து, அந்தப் பையனின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தேன். இப்போது நாற்பதைத் தாண்டியவன், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பஸ் ஏறிப் போனேன்.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். "டீச்சர், நீங்களா? வாங்க வாங்க" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டான். டீ வாங்கி வரச் சொன்னான். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அன்று நீ கேட்டது சரி, உன் தாத்தா சொன்னதும் சரி, எனக்குத்தான் தெரியவில்லை, தெரியாததை மறைக்க உன்னைக் கேலி செய்தேன் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய்த் தாத்தாகிட்ட சொன்னேன் டீச்சர், நீங்க சொன்னதைச் சொன்னதுக்கு டீச்சர் திட்டிட்டாங்கன்னு. அவரு, 'அவங்க படிச்சவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு. அதுக்கப்புறம் அவரு எனக்கு அதெல்லாம் சொல்லித் தரலை."

தாத்தா இறந்து இருபது வருடம் ஆகிவிட்டது என்றான். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். "அய்யோ, அதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்றான். ஆனால் பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "ஜோசியரே, என் சாமான் ரெடியா?" என்று குரல் கொடுத்தார். அவன் என்னைப் பார்க்காமல், "சாயங்காலம் வாங்கண்ணே" என்றான்.

நான் கொண்டுபோன அட்டையைக் காட்டினேன். மையத்தையும் ஊசித் துளையையும் தொட்டுக் காட்டி, மையத்தொலைத் தகவு, ஆங்கிலத்தில் எக்சென்ட்ரிசிட்டி என்று தொடங்கினேன். அவன் முகம் மாறியது.

"எக்சென்ட்ரிக்கா? அது எங்க வேலையில்லா டீச்சர்."

அலமாரியிலிருந்து ஒரு இரும்பு வில்லையை எடுத்து வந்தான். உள்ளங்கை அகலம். நன்றாக வட்டமாகக் கடைந்தது. அதில் ஒரு துளை, ஆனால் நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி. ஒரு கம்பியை அதில் நுழைத்துச் சுற்றிக் காட்டினான். வில்லையின் விளிம்பு என் விரலுக்கு நெருங்கி வந்தது, விலகிப் போனது.

"வட்டம் வட்டமாத்தான் இருக்கு டீச்சர். ஓட்டைதான் தள்ளி இருக்கு. ரெண்டு மில்லி தள்ளிப் போட்டா, விளிம்பு நாலு மில்லி போய்ட்டுப் போய்ட்டு வரும். சுத்துறதை முன்னும் பின்னும் தள்ளுறதா மாத்தணும்னா இதான். இந்த ரெண்டு மில்லி சரியா வர நாலு தாடைச் சக்குல ஜாபைப் பிடிச்சு, நகர்த்தி நகர்த்தி அரை மணி நேரம் பாக்கணும்."

அவ்வளவுதான். அந்த ராத்திரி நானும் பேத்தியும் மூன்று அட்டை கிழித்துப் புரிந்துகொண்டதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது, ஓட்டைதான் தள்ளி இருக்கிறது. எங்கள் படத்தில் 1.67 மி.மீ. தள்ளல், கிட்டத்துக்கும் எட்டத்துக்கும் 3.34 மி.மீ. வித்தியாசம். வானத்தில் 25 லட்சம் கி.மீ. தள்ளல், 50 லட்சம் கி.மீ. வித்தியாசம். அதே இரண்டு மடங்கு.

காலண்டர் கணக்கை அவனுக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஆனி, மார்கழி, ஒன்றே முக்கால் சதவீதம் இரண்டு தடவை, எல்லாம். ஒரு இடத்தில் நிறுத்தி, "பஸ் தூரத்துல இருக்கதுனால மெதுவாத் தெரியுறது தனி, அது நெசமாவே மெதுவாப் போறது தனி, ரெண்டும் கூடும், அப்படித்தானே?" என்று கேட்டான். முப்பது வருடம் கழித்து அவன் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது. அப்படித்தான் என்றேன்.

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதுங்க டீச்சர், பேரும் ஊரும் வேண்டாம் என்றான்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பூமியின் பாதையைப் பலகையில் முட்டை போல வரையாதீர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டமாகவே வரையுங்கள். சூரியனை நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புள்ளி வையுங்கள். அதுதான் உண்மைக்குப் பக்கம். இரண்டாவது, பதில் தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது. நான் அதைச் சொல்லியிருந்தால் ஒரு தாத்தாவும் பேரனும் இன்னும் கொஞ்ச நாள் காலண்டரை வைத்துப் பேசிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

அவன் கொடுத்த இரும்பு வில்லை என் மேசையில் இருக்கிறது. பேத்தி அதில் பென்சிலை நுழைத்துச் சுற்றிக்கொண்டே படிக்கிறாள்.

கணக்கில் எங்காவது பிசகியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.